முள்ளெலிக்குப் பேர் வைத்தவர்

டார்வினை எல்லாருக்கும் தெரியும். கல்கத்தாவிலிருந்து அவருக்குப் பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதிய எட்வர்ட் பிளித்தை எத்தனை பேருக்குத் தெரியும்? இந்த முறை அவரைப் பற்றி எழுதுகிறேன்.

பிளித் 1810-ல் லண்டனில் பிறந்தார். சின்ன வயசிலேயே அப்பா போய்விட்டார். பிறகு மருந்துக்கடை வைத்தார். மனசு பூராவும் பறவை, விலங்கு மேலேயே இருந்தால் வியாபாரம் எப்படி நடக்கும்? கடை நொடித்துப் போச்சு. 1841-ல் கல்கத்தாவுக்குக் கப்பலேறி, ஆசியச் சங்கத்தின் அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தார். சம்பளம் குறைவு, வேலையோ மலை மாதிரி. பல ஊர்களிலிருந்து வரும் தோலையும் எலும்பையும் பார்த்து, இது தெரிந்த இனமா புதுசா என்று முடிவு செய்யணும்.

1857-ல் மனைவி இறந்தார். கல்யாணமாகி மூணே வருஷம். அந்தத் துக்கத்திலிருந்து அவர் தேறவே இல்லை. ஆனாலும் வேலையை விடவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். 1859-ல் மலபார் பக்கத்து மலைக்காட்டு எலி ஒன்றை விவரித்தார். முதுகு மயிருக்கு நடுவே தட்டைத் தட்டையாய் முள். வால் நுனி புசுபுசுவென்று இருக்கும். அவர் வைத்த பேர் பிளாட்டகாந்தோமிஸ் லாசியூரஸ். நாக்கு சுளுக்கிக்கும்! தட்டைமுள் எலி, மயிர்வால் உள்ளது என்று அர்த்தம்.

இது எந்தக் குடும்பம் என்பதில்தான் சிக்கல். ஐரோப்பாவில் டார்மவுஸ் என்று மரமேறும் சின்ன விலங்கு உண்டு. வாலைப் பார்த்தால் அச்சு அசல் அதேதான். அதனால் ரொம்ப காலம் டார்மவுஸ் கூட்டத்தில் சேர்த்து வைத்தார்கள். ஆனால் பல்லை எண்ணினால் இடிக்கும். டார்மவுஸுக்குத் தாடையின் ஒவ்வொரு பக்கமும் நாலு கடைவாய்ப் பல். இதுக்கு மூணுதான், எலிக் கூட்டம் மாதிரி. இதோட சொந்தக்கார எலி சீனா, வியட்நாம் மலைகளில் இருக்கு. 2009-ல் அந்த எலியின் மரபணுவை ஆராய்ந்தார்கள். வீட்டு எலி, ஹாம்ஸ்டர் எல்லாம் தனித்தனியாகப் பிரியும் முன்னாடியே இந்த வம்சம் பிரிந்துவிட்டதாம்! இப்போ ரெண்டுக்கும் சேர்த்துத் தனிக் குடும்பம்.

உடம்பு முடியாமல் பிளித் 1862-ல் ஊர் திரும்பினார். 1873-ல் இறந்தார். பர்மாவின் விலங்குகள், பறவைகள் பற்றி அவர் எழுதிய நூல் 1875-ல்தான் அச்சானது.

முள்ளெலி நம்ம களக்காடு முண்டந்துறைக் காட்டிலும் இருக்கிறது. பகலில் மரப்பொந்தில் தூக்கம், ராத்திரியில்தான் நடமாட்டம். புத்தகங்களில் அதன் பேருக்குப் பக்கத்தில் பிளித், 1859 என்று இன்னும் போடுகிறார்கள்.