ரெக்கார்டுல பேரை அழிச்சாங்க... அந்தப் பேர்லயே விருது வந்துச்சு! - டேலி மெசஞ்சர் கதை

ஐ.பி.எல் ஏலத்துல ஒரு பிளேயர் பல கோடிக்குப் போனா, நாம உடனே ஸ்டேட்டஸ் போடுறோம். ஆனா, விளையாடக் காசு வாங்கினாலே தடைனு ஒரு காலம் இருந்துச்சு. 1907-ல் சிட்னியில் அப்படித் தடை வாங்கியவர்தான் டேலி மெசஞ்சர்.

1883 ஏப்ரல் 12-ம் தேதி சிட்னியின் பால்மெய்ன் பகுதியில் பிறந்தார். நிஜப்பெயர் ஹெர்பர்ட் ஹென்றி. சின்ன வயசுல கொஞ்சம் தொப்பை. அப்போ டேலினு தொப்பையுள்ள ஓர் அரசியல்வாதி அங்கே பிரபலம். அந்தப் பட்டப்பெயர் கடைசிவரை ஒட்டிக்கிச்சு. அப்பா படகு கட்டுறவர். மகனுக்கும் அந்தப் பட்டறையில்தான் வேலை.

சனிக்கிழமை ஆனா, ரக்பி. ஓடிக்கிட்டே பந்தை எதிராளி தலைக்கு மேல உதைச்சு, தானே போய்ப் பிடிப்பார். எங்கிருந்து உதைச்சாலும் கம்பத்துக்கு நடுவுல போகும். 1907-ல் நியூசிலாந்துக்கு எதிரா ஆஸ்திரேலியாவுக்காக 2 டெஸ்ட் ஆடினார்.

அந்த வருஷம் சிட்னியில் நியூசிலாந்து ஆடின ஒரு மேட்ச்சைப் பார்க்க 50,000 பேருக்கு மேல வந்தாங்க. டிக்கெட் காசு முழுக்க ரக்பி யூனியன் சங்கத்துக்கு. ஆடினவங்கள்ல பல பேர் கூலித் தொழிலாளிங்க. அலெக் பர்டன்னு ஒரு வீரர் அடிபட்டு வேலைக்குப் போக முடியாம கிடந்தார். சம்பளமும் போச்சு, சங்கமும் கண்டுக்கலை. கொதிச்சுப்போன வீரர்கள் விக்டர் ட்ரம்பர் கடையில ரகசியமா கூடினாங்க. ஆமா, கிரிக்கெட் லெஜெண்ட் ட்ரம்பரேதான்! அவரோட ஸ்போர்ட்ஸ் கடைதான் புரட்சியோட தலைமையகம்.

புது அணிக்குக் கூட்டம் சேரணும்னா மெசஞ்சர் வரணும். ட்ரம்பரும், ஜில்டினன் என்ற ஏற்பாட்டாளரும் நேரா மெசஞ்சர் வீட்டுக்குப் போனாங்க. பையன்கிட்ட இல்ல, அவங்க அம்மாகிட்ட பேசினாங்கனுதான் கதை. அம்மா சரினு சொல்ல, மெசஞ்சர் கட்சி மாறினார். யூனியன் அவரை வெளியே தள்ளுச்சு. அவர் எடுத்த ரன்... ஸாரி, பாயின்ட் எல்லாத்தையும் பதிவேட்டிலிருந்தே நீக்கிடுச்சு!

அவர் நிக்கலை. நியூசிலாந்தின் தொழில்முறை அணியோட, ஒரே ஆஸ்திரேலியரா இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். அந்தப் பயணத்துல அதிக பாயின்ட் எடுத்தது நம்மாளுதான். 1908-ல் சிட்னியில் ரக்பி லீக் தொடங்குச்சு. அணிக்கு 15-க்குப் பதிலா 13 பேர், ஆட்டமும் வேகம்.

எல்லாம் சுபம்னு நினைக்காதீங்க. 1908-09-ல் முதல் 'கங்காரு' அணி இங்கிலாந்து போனப்போ வசூலே இல்ல. வீரர்கள் ஊர் திரும்ப டிக்கெட் காசையே இங்கிலாந்துக்காரங்கதான் கொடுத்தாங்க. ஜில்டினன் திவாலானார். ஆனா மெசஞ்சர் திரும்பி வந்து, ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் அணிக்கு 1911, 12, 13-னு 3 கோப்பை ஜெயிச்சுக் கொடுத்தார். 1911-ல் மட்டும் 270 பாயின்ட். 1913-ல் ஓய்வு.

அடுத்த வருஷம் முதல் உலகப்போர். வீரர்கள் ராணுவத்துக்குப் போக, யூனியன் போட்டிகளை நிறுத்திடுச்சு. லீக் மட்டும் தொடர்ந்து ஆடுச்சு. சிட்னி ரசிகர்கள் அந்தப் பக்கமே தங்கிட்டாங்க. மெசஞ்சர் போட்ட விதை அப்போதான் மரமாச்சு.

மரம் வெச்சவருக்குப் பெருசா பழம் கிடைக்கலை, அதான் வருத்தம். ஹோட்டல் நடத்தினார், குயின்ஸ்லாந்தில் வாழைத்தோட்டம் போட்டார், தச்சு வேலையும் பார்த்தார். எதுவும் அவரைப் பணக்காரர் ஆக்கலை. 1959 நவம்பர் 24-ல் கன்னடா என்ற சின்ன ஊரில் இறந்தார். (பேரைக் கேட்டு பெங்களூரு பக்கம் தேடாதீங்க, அதுவும் ஆஸ்திரேலியாதான்!)

1980-லிருந்து லீக்கின் சிறந்த வீரருக்குக் கொடுக்கிற விருதுக்குப் பேரே 'டேலி எம்'. யூனியன்காரங்க? அழிச்ச கணக்கைத் திரும்ப எழுத அவங்களுக்கு 2007 வரைக்கும், சரியா 100 வருஷம் ஆச்சு.