ஆசான் ரஹீம்

மாலை வேளையில் நம் குடியிருப்புத் திடலில் பந்தைத் தோழனுக்குத் தராமல் தானே உருட்டிச் செல்லும் சிறுவனைக் காணுந்தோறும் எனக்கு ஐதராபாத் ரஹீம் நினைவுக்கு வருவார்.

1909ஆம் ஆண்டு பிறந்த சையது அப்துல் ரஹீம் பள்ளி ஆசிரியர். கால்பந்தையும் பாடமாகவே போதித்தார். பந்தை உடனுக்குடன் தோழனுக்குத் தள்ளுதல், பழகாத காலாலும் உதைத்தல் ஆகியவற்றுக்கெனத் தனிப் பந்தயங்களே நடத்தினார். அவர் பயிற்றிய ஐதராபாத் போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து ரோவர்ஸ் கோப்பையை வென்றது. இந்திய அணி அவர் பொறுப்பில் 1951இல் தில்லி ஆசியப் போட்டியில் தங்கம் பெற்றது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காமிடம் எய்தியது.

1962இல் ஜகார்த்தா சென்றபோது புற்றுநோய் அவர் நுரையீரலை அரித்துக்கொண்டிருந்தது. முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 2-0 தோல்வி. பின்னர்த் தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்கிற்குத் தலையில் காயம். பிறரெனின் அவரை அமர்த்தி வைத்திருப்பர். ரஹீமோ அவரை முன்வரிசைக்கு மாற்றினார்! அரையிறுதியிலும் இறுதியிலும் ஜர்னைல் கோல் போட்டார். செப்டம்பர் 4ஆம் நாள், பெருங்கூட்டம் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட, அதே கொரியாவை 2-1 என வென்றனர். கோல் காத்தவர் மெட்ராஸ் ரெஜிமெண்ட் அணியில் ஆடிப் புகழ்பெற்ற பீட்டர் தங்கராஜ். ஆசியப் போட்டியில் கால்பந்துத் தங்கம் அதன்பின் நமக்குக் கிட்டவில்லை.

ஒன்பது திங்கள் கழித்து, 1963 ஜூன் 11ஆம் நாள், தம் 53ஆம் வயதில் ரஹீம் காலமானார்.