இரட்டைமலை சீனிவாசன்: ஏரவாடாவில் 18 இடங்கள் 30 ஆனபோது கைநழுவிய உரிமை எது?

தமிழ்நாடு சட்டமன்றத்தின் 234 தொகுதிகளில் 44 பட்டியல் சாதியினருக்கானவை. இந்தத் தனித்தொகுதி முறைக்கு அடித்தளம் போட்டது, 1932-ல் புனேவின் ஏரவாடா சிறையில் உருவான பூனா ஒப்பந்தம். அதில் அம்பேத்கருடன் கையெழுத்திட்ட தமிழர்களில் ஒருவர் இரட்டைமலை சீனிவாசன்.

யார் இவர்?

செங்கல்பட்டு வட்டாரத்தின் கோழியாளம் கிராமத்தில் பிறந்தவர். 1893-ல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே இதழின் பெயராக்கினார். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்தச் சொல்லி காங்கிரஸ் கேட்டபோது, அதிகாரம் சாதி இந்துக்களிடமே சேரும்னு எதிர்த்தார். 3,412 பேரின் கையெழுத்துடன் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மனு போனது.

பிறகு தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். ஊர் திரும்பி, 1923-ல் சென்னை சட்டசபை உறுப்பினரானார்.

மண்ணின் பூர்வகுடிகள் என்ற பொருளில் 'ஆதிதிராவிடர்' என்ற பெயரை சட்டசபை 1922-லேயே ஏற்றிருந்தது. ஆனால் அந்தப் பூர்வகுடிகளால் பல ஊர்களில் பொதுத்தெருவில் நடக்கவே முடியல. பொதுச்சாலை, கிணறு, குளம் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924-ல் கொண்டுவந்து நிறைவேற்றியவர் சீனிவாசன்.

ஏரவாடாவில் என்ன நடந்தது?

லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரும் சீனிவாசனும் தனி வாக்காளர் தொகுதி கேட்டார்கள். அதாவது, ஒடுக்கப்பட்டோரின் பிரதிநிதியை ஒடுக்கப்பட்டோர் மட்டுமே தேர்ந்தெடுப்பது. 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசு அதை அறிவித்தது. ஏரவாடா சிறையில் இருந்த காந்தி அதை எதிர்த்து செப்டம்பர் 20-ல் உண்ணாவிரதம் தொடங்கினார். அவர் உயிருக்கு ஆபத்து என்ற நெருக்கடியில் நான்கே நாளில் ஒப்பந்தம் முடிந்தது.

எண்களை மட்டும் பார்த்தால் லாபம்தான். மாகாண சட்டசபைகளில் 71 ஆக இருந்த இடங்கள் 148 ஆயின. சென்னை மாகாணத்தில் மட்டும் 18 இடங்கள் 30 ஆயின.

அப்போ இழந்தது என்ன? தேர்ந்தெடுக்கும் அதிகாரம். முதல்கட்டத் தேர்தலில் ஒடுக்கப்பட்டோர் நான்கு பேரைத் தேர்வு செய்யலாம். அவர்களில் யார் வெல்வது என்பதை எல்லா சாதி வாக்காளர்களும் சேர்ந்து முடிவு செய்வார்கள்.

இன்று?

சீனிவாசன் 1945-ல் மறைந்தார். அந்த முதல்கட்டத் தேர்தலும் இப்போது இல்லை. 44 தொகுதிகளிலும் வேட்பாளர் பட்டியல் சாதியினர். ஆனால் வெற்றியைத் தீர்மானிப்பது தொகுதியின் மொத்த வாக்கு. பெரும்பான்மை சாதிகளுக்குப் பிடிக்காத கேள்வியை ஒரு தனித்தொகுதி எம்.எல்.ஏ. எவ்வளவு தூரம் கேட்க முடியும் என்ற விவாதம் இன்னும் முடியாததற்குக் காரணம் இதுதான்.