எறும்புக்கு வழி காட்டுவது எது?

பிரெஞ்சு நாட்டுக் கிராமம் ஒன்றில், எறும்புகள் போகும் வழியில் செய்தித்தாளை விரித்துவிட்டு ஒரு பெரியவர் காத்திருந்தார்.

ஏன் தெரியுமா? வீட்டுக்குத் திரும்பும் எறும்பு வழியை எப்படி அறிகிறது என்று பார்க்கத்தான்!

அவர் பெயர் ஹென்றி ஃபாபர். 1823-ம் ஆண்டு ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். எலுமிச்சம்பழம் விற்று வயிறு கழுவியவர். படித்து ஆசிரியரானார்.

அவினியோன் நகரில் இரவு வகுப்பு நடத்தினார். பெண்களும் வந்தார்கள். பூவில் மகரந்தம் சேரும் விதத்தை அவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். அது குற்றமாகிவிட்டது! வேலை போயிற்று. குடியிருந்த வீடும் போயிற்று.

1877-ல் பேரிடி. பூச்சி தேடுவதில் துணையாக இருந்த அருமை மகன் ழூல் இறந்துபோனான்.

1879-ல் செரினியான் கிராமத்தில் ஒரு கரடு நிலம் வாங்கிக் குடியேறினார். பழைய ஊரிலிருந்து கொண்டுவந்த பூனை ஒருநாள் காணாமல் போயிற்று. அது ஆற்றை நீந்திக் கடந்து, சுமார் 7 கிலோமீட்டர் தூரத்திலுள்ள பழைய வீட்டுக்கே போயிருந்தது!

இங்கிலாந்து அறிஞர் டார்வின் ஒரு யோசனை எழுதினார். அதன்படி, மண்கூடு கட்டும் தேனீக்களைப் பெட்டியில் அடைத்துச் சுழற்றினார் ஃபாபர். தலை சுற்றி வழி மறக்குமா என்று பார்த்தார். 3, 4 கிலோமீட்டருக்கு அப்பால் விட்டும், பத்துக்கு மூன்று நான்கு கூடு திரும்பின.

பேத்தியின் கூழாங்கற்கள்

அவர் தோட்டத்தில் செந்நிற எறும்புகள் இருந்தன. வேறு எறும்புகளின் கூட்டுப்புழுக்களைக் கொள்ளையடிக்கும் கூட்டம் அது. எவ்வளவு வளைந்து நெளிந்து போனாலும், போன வழியாகவே திரும்பும். பேத்தி லூசி காவலிருந்து, அந்த வழி நெடுக வெள்ளைக் கூழாங்கற்களைப் போட்டு வைப்பாள்.

ஃபாபர் வழியைத் துடைப்பத்தால் பெருக்கினார். தண்ணீர் பாய்ச்சினார். புதினாத் தழையைத் தேய்த்தார். எறும்புகள் தயங்கின; ஆனால் கடந்துவிட்டன. செய்தித்தாளை விரித்தபோதுதான் மிகவும் திகைத்தன. வாசனை அல்ல, கண்ணால் கண்ட இடத்தின் ஞாபகமே வழிகாட்டி என்று முடிவு செய்தார். பழகாத பக்கத்தில் எடுத்துவிட்ட எறும்பு, கூடு அருகிலிருந்தும் தவித்தது.

தேனீக்கு மனிதருக்கில்லாத ஏதோ ஒரு புலன் இருப்பதாக அவர் எண்ணினார். சூரியன் இருக்கும் திசையும், பார்த்த இடங்களின் நினைவும் தேனீக்கு உதவுவது பின்னால் தெரியவந்தது. எலியின் மூளையில், அது குறிப்பிட்ட இடத்துக்கு வந்தால் மட்டும் வேலை செய்யும் உயிரணுக்கள் இருப்பதை 1971-ல் ஜான் ஓகீஃப் கண்டறிந்தார். 2014-ல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது.

பூச்சிகளைப் பற்றி 10 தொகுதிகள் எழுதிய ஃபாபர், 1915-ல் தம் 91-ம் வயதில் செரினியான் வீட்டிலேயே காலமானார். எறும்புகள் ஊர்ந்த அந்தத் தோட்டம் இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது.