மறைந்த ஆட்டங்களின் மாவீரர்

போ மக்மில்லின் என்னும் பெயரை நம் மாணவருள் அறிந்தோர் சிலரே. அவர் ஆடியது அமெரிக்கக் கால்பந்து. பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதே அதில் பெரிது! பருவம் முடிந்தபின் இரு கல்லூரிகளை அழைத்து நடத்தும் ஆட்டத்தைப் ‘பௌல்’ என்பர்.

1895இல் டெக்சாசில் பிறந்த அவர், கென்டக்கி மாநிலத்தின் சென்டர் என்ற சிறு கல்லூரியில் சேர்ந்தார். 1921 அக்டோபரில் அவருடைய ஒரே ஓட்டத்தால் புகழ்மிக்க ஹார்வர்டு 6–0 எனத் தோற்றது. எல்லோரும் அதையே பேசுவர். எனக்கோ அவர் ஆடிய மூன்று பௌல் ஆட்டங்களே வியப்பளிக்கின்றன.

1921 புத்தாண்டன்று போர்ட்வொர்த் கிளாசிக்கில் 63–7 என வெற்றி; அப்போட்டி மறுமுறை நடக்கவேயில்லை. அவ்வாண்டு கிறிஸ்துமசுக்கு மறுநாள் சாண்டியாகோவில் 38–0; அதுவும் அடுத்த ஆண்டோடு மறைந்தது. 1922 ஜனவரி 2 அன்று டல்லஸ் நகரில் டிக்சி கிளாசிக். அன்றுதான் அவருக்குத் திருமணமும்! மணமகனின் அணி டெக்சாஸ் ஏ. அண்டு எம். கல்லூரியிடம் 22–14 எனத் தோற்றது. வென்ற அணியில் பலர் காயமுற, தேவைப்பட்டால் ஆடுவதற்கென உடைமாற்றி நின்ற கிங் கில் என்ற மாணவரை அக்கல்லூரி ‘பன்னிரண்டாம் ஆள்’ என இன்றும் போற்றுகிறது. தோற்ற மணமகனை அங்கே யார் நினைப்பார்? மூன்றே முறை நடந்த டிக்சி கிளாசிக் 1934உடன் நின்றது.

பின்னாளில் பயிற்சியாளரான அவர், 1945இல் இந்தியானா பல்கலைக்கழக அணியைத் தோல்வியின்றி வாகை சூடச் செய்தார். 1952இல் காலமானார்.