அலைவழி கண்ட ஆசான் ஜகதீச சந்திர போஸ்

கடலுக்கும் நம் ஒசூர், கிருஷ்ணகிரிப் பகுதிக்கும் நெடுந்தொலைவு உண்டு. எனினும், இருளிலும் மூடுபனியிலும் கப்பலுக்குக் கண்ணாக விளங்கும் ரேடார் நமக்கு அந்நியமன்று. அண்டை நகரமாம் பெங்களூரில் 1954-இல் நிறுவப்பெற்ற பாரத் எலக்ட்ரானிக்ஸ், நம் கடற்படைக்கு ரேடார்களை உருவாக்கி வருகிறது. அக்கருவி பயன்கொள்ளும் நுண்ணலைகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்த பெருமகனாரின் வாழ்வை இங்கு நினைவுகூர்கிறோம்.

ஜகதீச சந்திர போஸ் 1858 நவம்பர் 30-இல் வங்காளத்தில் பிறந்தார். உயர் அதிகாரியாயினும் தந்தையார் பகவான் சந்திரர், மகனை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பாது தாய்மொழிப் பள்ளியிலேயே சேர்த்தார். அங்கே அவருக்கு வலப்பக்கம் தந்தையாரின் முஸ்லிம் பணியாளர் மகனும், இடப்பக்கம் ஒரு மீனவர் மகனும் அமர்ந்திருந்தனர். உயர்வு தாழ்வு பாராத உள்ளம் அவருக்கு அங்கே வாய்த்தது.

கேம்பிரிட்ஜில் கற்றுத் திரும்பிய அவர், 1885-இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியரானார். ஐரோப்பியருக்கு நிகரான ஊதியம் இந்தியருக்கு மறுக்கப்படவே, மூன்றாண்டுகள் ஊதியமே பெறாது பாடம் நடத்தினார். இறுதியில் முழு ஊதியமும் நிலுவையுடன் வழங்கப்பட்டது.

1895-இல் கல்கத்தாவில், சுவரையும் ஊடுருவிச் சென்ற அலைகளால் தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார், வெடிமருந்தையும் பற்றவைத்தார். ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் அலைநீளமுள்ள அலைகளையும் உண்டாக்கினார். 1897-இல் இலண்டன் அறிஞர் அவையில் தம் ஆய்வை விளக்கினார்.

போஸ் ரேடாரைப் படைத்தாரல்லர். 1904-இல் செருமானியர் ஹுல்ஸ்மேயர், கப்பலில் பட்டு மீளும் அலையால் அதன் இருப்பை அறியும் கருவியைச் செய்து காட்டினார். இன்றைய கப்பல் ரேடார் பெரும்பாலும் 3 செ.மீ. அலையைச் சுழலும் கொம்பின் வழியே துடிப்புகளாக வீசுகிறது. ஒரு துடிப்பு ஒரு மைக்ரோ செகண்டில் மீண்டால், எதிர்ப்பட்ட பொருள் 150 மீட்டர் தொலைவில் உளது. கொம்பு நோக்கிய பக்கமே பொருளின் திசை.

ஆயினும் இக்கண்ணுக்கும் குறையுண்டு. இரும்புக் கப்பல் தெளிவாகத் தெரியும். மரப்படகும் கண்ணாடியிழைப் படகும் மங்கலாகவே தெரியும். பொங்கும் அலைகளும் கனமழையும் அவற்றைத் திரையில் மறைத்துவிடும். செங்கோணமாகப் பொருத்திய உலோகத் தகடுகளைப் படகில் உயரக் கட்டினால், பெருங்கப்பல் அதனைக் காணும் வாய்ப்பு மிகும். இவ்வெளிய செய்தியை அறியாமை மீனவனின் உயிருக்கே ஊறாகலாம்.

கண்டுபிடிப்பால் செல்வம் ஈட்ட விழையாத போஸ், அறிவியலை வங்கமொழியிலும் எழுதினார். 1917-இல் கல்கத்தாவில் ஆய்வு நிலையம் நிறுவி, 1937 நவம்பர் 23-இல் மறைந்தார்.

தமிழும் உருதும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கும் எல்லைப்புறத்தில் வாழ்கிறோம். நம் வகுப்பிலும் வலமும் இடமும் எளியோர் வீட்டுப் பிள்ளைகள் அமர்ந்துள்ளனர். ஆலைகளில் கருவிகளைக் கையாளப் போகும் அவர்களுக்கும், கடலோரத்தில் படகேறும் அவர்தம் தோழர்களுக்கும் விளங்கும் தமிழில் அறிவியலைத் தருவது தமிழ் பயின்றோர் கடமை. அதனை மேற்கொள்ள எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.