ஓவியர் எழுதிய பேரேடு

கடைக்காரர் வரவு செலவுக்குப் பேரேடு வைத்திருப்பார். தாம் வரைந்த படங்களுக்கு எண்ணிட்டு, வாழ்நாள் முழுதும் பேரேடு எழுதிய ஓவியரும் ஒருவர் இருந்தார். அவர் பெயர் பால் கிளே.

கிளே 1879ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகருக்கு அருகே பிறந்தார். தந்தை ஜெர்மானியர், ஆதலால் பிறந்த மண்ணிலேயே கிளேயும் அயல்நாட்டவராகவே கருதப்பட்டார். வயலின் இசையில் தேர்ந்திருந்தும் ஓவியத்தையே விரும்பி ஜெர்மனியின் மியூனிக் நகருக்குச் சென்றார். அங்கே மனைவி லில்லி பியானோ கற்பித்துப் பொருள் ஈட்டினார். கிளே சமைத்து, மகனையும் பேணியவாறு வரைந்தார்.

1911ஆம் ஆண்டு பேரேட்டைத் தொடங்கினார். ஆண்டு, வரிசை எண், தலைப்பு, வரைந்த முறை ஆகியவற்றைத் தம் கையாலேயே குறித்தார். பழைய படங்களையும் தேடிச் சேர்த்தார். சிறுவயதில் வரைந்தவற்றுள்ளும் சில அதில் இடம்பெற்றன. (பாடநூலின் ஓரங்களில் படம் வரையும் வழக்கம் அவருக்கும் இருந்தது!)

1914இல் துனீசியா சென்றபின் அவர் படங்களில் வண்ணம் ஓங்கியது. உருவங்கள் குறைந்து, வண்ணக் கட்டங்களும் கோடுகளும் மிகுந்தன. இவ்வகையை அருவ ஓவியம் என்பர். மரமோ மனிதரோ இல்லாத இத்தகைய படங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறியப் பேரேட்டின் எண்ணும் தலைப்பும் பெரிதும் உதவின.

1933இல் ஹிட்லரின் ஆட்சி வந்தது. கலைக்கழக ஆசிரியர் பணியிலிருந்து நீக்கப்பட்ட கிளே பெர்ன் நகருக்குத் திரும்பினார். 1937இல் ஜெர்மனியின் அருங்காட்சியகங்களிலிருந்து அவருடைய படைப்புகள் நூற்றுக்கும் மேற்பட்டவை பறிக்கப்பட்டன. இழிந்த கலை என்று பழித்து, அவற்றுள் சிலவற்றைக் காட்சிக்கும் வைத்தனர். இதனிடையே தோலை இறுகச் செய்யும் கொடிய நோய் அவரைப் பற்றியது. 1936இல் அவர் படைத்தவை 25 மட்டுமே. ஆனால் 1939இல் 1,200க்கும் மேற்பட்டவற்றை வரைந்தார்! அத்தனையும் பேரேட்டில் ஏறின.

சுவிட்சர்லாந்தின் குடியுரிமை வேண்டி விண்ணப்பித்திருந்தார். அது கிடைக்குமுன்னரே 1940 ஜூன் 29ஆம் நாள் காலமானார்.

அந்தப் பேரேட்டை அடிப்படையாகக் கொண்டு, பெர்ன் நகரின் பால் கிளே அறக்கட்டளை அவருடைய படைப்புகள் அனைத்தையும் பட்டியலிட்டது. ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அப்படைப்புகள் 1998 முதல் 2004 வரை ஒன்பது தொகுதிகளாக வெளிவந்தன. அவற்றுள் சில இன்று எங்குள்ளன என்பது தெரியவில்லை. எனினும் அவற்றின் ஆண்டும் எண்ணும் தலைப்பும் கிளேயின் கையெழுத்தில் இருக்கின்றன.